ஈல்ஸ் நோய்: பார்வை மங்கும் முன்பே கண்டறிய உதவும் விழித்திரைப் படங்கள்

வேறு எந்த உடல்நலக் குறையும் இல்லாத இளைஞர்களின் பார்வையைத் திடீரென மறைக்கக்கூடிய அரிய விழித்திரைப் பாதிப்பு, ஈல்ஸ் நோய். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த கண் மருத்துவர் ஹென்றி ஈல்ஸ் 1880-ஆம் ஆண்டு இதனை விவரித்தார். மேலை நாடுகளைவிட இந்தியத் துணைக்கண்டத்திலேயே இந்நோய் அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயது வரையிலான ஆண்களைத் தாக்குகிறது. காசநோய்க் கிருமியின் புரதத்துக்கு உடல் காட்டும் மிகை எதிர்வினையுடன் இதற்குத் தொடர்பிருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

முதலில் விழித்திரையின் ஓரத்தில் உள்ள சிரைகள் அழற்சியுற்று அடைபடுகின்றன. ரத்த ஓட்டம் தடைபட்ட பகுதியை ஒட்டி, எளிதில் உடையும் புதிய நாளங்கள் முளைக்கின்றன. அவை உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசியும்போது, கரும்புள்ளிகள் மிதப்பதுபோலத் தோன்றி, பார்வை மங்கும். அதுவரை நடுப்பார்வை தெளிவாகவே இருக்கக்கூடும் என்பதால், எழுத்துகளைப் படிக்கும் வழக்கமான பரிசோதனையில் நோய் வெளிப்படாமல் போகலாம்.

இந்நிலையில் ஆஞ்சியோகிராம் பரிசோதனை கைகொடுக்கிறது. கையில் உள்ள சிரை வழியாகச் செலுத்தப்படும் ஃப்ளோரசீன் சாயம் சில விநாடிகளில் கண்ணை அடைகிறது. அப்போது எடுக்கப்படும் படங்களில் அடைபட்ட பகுதிகள் கருமையாகவும், கசியும் நாளங்கள் ஒளிர்ந்தும் தெரியும். சாதாரண கேமரா 30 முதல் 50 டிகிரி வரையே பதிவு செய்யும். அகலக் கோணக் கருவி 200 டிகிரி வரை காட்டுவதால் ஓரப் பகுதியும் புலப்படும். ரத்தக்கசிவு விழித்திரையை மறைத்திருந்தால், அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் உதவும்.

இந்நோய் பெரும்பாலும் இரு கண்களையும் பாதிக்கிறது. எனவே, ஒரு கண்ணில் மட்டும் அறிகுறி தென்பட்டாலும், மற்றொரு கண்ணையும் படம் எடுப்பது அவசியமாகிறது. புதிய நாளங்கள் உடைவதற்கு முன்பே லேசர் சிகிச்சை அளித்தால், அக்கண்ணின் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்புள்ளது.