புல்வெளி தரிசு நிலமல்ல!

மரம் நடுவது நற்செயல் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. பள்ளி ஆண்டு விழா முதல் அரசு விழா வரை மரக்கன்று நடுவது ஒரு நல்ல வழக்கமாகவே நிலைபெற்றுவிட்டது. ஆனால், எந்த இடத்தில் எந்த மரத்தை நடுகிறோம் என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. அக்கேள்வி எழுப்பப்படாமல் போனதால் நேர்ந்த இழப்பை நீலகிரி, பழனி மலைகளின் உச்சிகளில் இன்றும் காணலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகளில் இருவகைத் தாவர உலகங்கள் அருகருகே வாழ்கின்றன. காற்றுக்கு ஒதுங்கிய பள்ளங்களிலும் மலை மடிப்புகளிலும் அடர்ந்து வளர்ந்து நிற்பது சோலைக்காடு. உலக அறிவியல் நூல்களும் இதை 'சோலா' என்று தமிழ்ப் பெயராலேயே குறிப்பிடுகின்றன. அச்சோலைகளைச் சூழ்ந்து, சரிவுகளிலும் முகடுகளிலும் பரந்து விரிந்திருப்பது புல்வெளி.

ஆங்கிலேய ஆட்சியாளர்களின் கண்களுக்கு இந்தப் புல்வெளி பயனற்ற வெற்றிடமாகத் தெரிந்தது. விறகுத் தேவைக்காக 1843-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் மரம் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. அதே நாட்டைச் சேர்ந்த சீகை மரமும் பின்னர் பைன் மரமும் மலைகளில் இடம்பிடித்தன. விடுதலைக்குப் பிறகும் இப்போக்கு நிற்கவில்லை. தோல் பதனிடச் சீகைப் பட்டையும், செயற்கை இழைக் கூழுக்கு யூகலிப்டஸ் மரமும் தேவைப்பட்டதால், புல்வெளிகள் மேலும் மேலும் மரத்தோட்டங்களாக மாற்றப்பட்டன. பழனி மலையில் நான்கு பத்தாண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி மறைந்துவிட்டது என்பதைச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, 2018-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். மரத்தோட்டங்களும் வேளாண்மையுமே அதற்குக் காரணங்கள்.

புல் போனால் என்ன, மரம் வந்துவிட்டதே என்று கேட்கலாம். அதற்கு விடை காண, சூழல் மண்டலம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய வேண்டும்.

ஓரிடத்தின் உயிர்களையும், அங்குள்ள மண், நீர், காற்று, வெப்பம் போன்ற உயிரற்றவற்றையும் பிரிக்க முடியாத ஒரே அமைப்பாகக் காண வேண்டும் என்றார் பிரிட்டன் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி. 'சூழல் மண்டலம்' என்ற கருத்தாக்கத்துக்கு அவர் பெயர் சூட்டியது 1935-ஆம் ஆண்டில். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், அங்கு வாழும் மாவையும் புள்ளையும் மரத்தையும் கருப்பொருளாகவும் வகுத்த தமிழரின் திணை மரபை அறிந்தோருக்கு இக்கருத்து அயலானதாகத் தோன்றாது.

இந்த அமைப்பின் இயக்கம் இரண்டு ஓட்டங்களால் ஆனது. ஒன்று ஆற்றலின் ஓட்டம். மற்றொன்று பொருள்களின் ஓட்டம். சூரிய ஒளியைப் புல் உணவாக மாற்றுகிறது. புல்லை வரையாடு மேய்கிறது. வரையாட்டைச் சிறுத்தையும் புலியும் செந்நாயும் இரையாக்குகின்றன. ஒவ்வொரு படியிலும் ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாக வெளியேறிவிட, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே அடுத்த படிக்குச் செல்கிறது. ஒரு சிறுத்தை வாழப் பல வரையாடுகளும், அவை வாழப் பரந்த புல்வெளியும் தேவைப்படுவது இதனால்தான். அடித்தளமான புல் சுருங்கினால், உச்சியில் உள்ள விலங்கு முதலில் தடுமாறும்.

ஆற்றல் ஒரு வழியாகச் சென்று முடிகிறது. ஊட்டச்சத்துகளோ சுழன்று வருகின்றன. விழுந்த சருகும் விலங்கின் சாணமும் இறந்த உடலும் வண்டுகளாலும் பூஞ்சைகளாலும் நுண்ணுயிர்களாலும் சிதைக்கப்பட்டு மீண்டும் மண்ணுக்குத் திரும்புகின்றன. அம்மண்ணிலிருந்து புல் மறுபடியும் துளிர்க்கிறது. எவரும் உரமிடாமல், எவரும் நீர் பாய்ச்சாமல் இப்புல்வெளி பல்லாயிரம் ஆண்டுகளாகத் தழைத்து வருவது இச்சுழற்சியால்தான்.

'பல்லாயிரம் ஆண்டுகள்' என்பது மிகைப்படுத்திக் கூறப்படுவதன்று. நீலகிரியின் சதுப்பு நிலங்களில் அடுக்கடுக்காகப் படிந்துள்ள தாவர எச்சங்களில் உள்ள கரிமத்தின் தன்மையை இந்திய அறிவியலாளர்கள் ஆராய்ந்து, அதன் முடிவுகளை 1993-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மரங்களும் வெப்ப மண்டலப் புற்களும் ஒளிச்சேர்க்கையில் மாறுபடுவதால், அவை விட்டுச் செல்லும் கரிமத்தின் அடையாளமும் மாறுபடும். அதைக் கொண்டு பார்த்தபோது, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கு புல்வெளி இருந்தது தெரியவந்தது. தட்பவெப்பம் வறண்டபோது புல்வெளி விரிந்தது. ஈரம் மிகுந்தபோது சோலை விரிந்தது. மனிதர் காட்டை அழித்ததால் உருவானதே இப்புல்வெளி என்ற பழைய எண்ணம் இதனால் வலுவிழந்தது.

சரிவுகளில் சோலை மரங்கள் ஏன் பரவவில்லை என்பதற்கும் இயற்கையில் விடை உண்டு. குளிர்கால இரவுகளில் திறந்த சரிவுகளில் உறைபனி படிகிறது. சோலை மரங்களின் இளங்கன்றுகள் அதில் கருகிவிடுகின்றன. ஓயாத காற்றும் அவ்வப்போது ஏற்படும் தீயும் அவற்றுக்கு எதிரிகள். புல்லுக்கோ உயிர் வேரடியில் இருப்பதால், மேற்பகுதி கருகினாலும் மீண்டும் துளிர்க்கிறது. இந்தத் தடைகளைத் தாங்கக்கூடிய அயல் மரங்களை நாம் கொண்டுவந்து நட்டபோது, இயற்கை வகுத்திருந்த எல்லை உடைந்துபோனது.

இதன் விளைவு மலையோடு நின்றுவிடுவதில்லை. பருவமழையின்போது மலையுச்சியில் விழும் நீரை, புல்லின் அடர்ந்த வேர்ப்பின்னல் வேகம் தணித்து மண்ணுக்குள் இறக்குகிறது. பள்ளங்களில் உள்ள சதுப்புகள் அதைத் தேக்கிவைத்து, கோடையிலும் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக வழங்குகின்றன. யூகலிப்டஸ் போன்று விரைந்து வளரும் மரங்கள் ஆழமாக வேர்விட்டு, ஆண்டு முழுவதும் நீரை உறிஞ்சி ஆவியாக்குகின்றன.

இது ஊகமன்று. நீலகிரியின் கிளென்மார்கனில் அருகருகே அமைந்த இரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றின் பெரும்பகுதியில் யூகலிப்டஸ் நட்டு, உதகை மண்-நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தினர் பல ஆண்டுகள் அளவெடுத்தனர். மரம் நட்ட பகுதியிலிருந்து வெளியேறிய நீர் முதல் பத்தாண்டுச் சுழற்சியில் சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. மரங்களை வெட்டிய பிறகு அடிக்கட்டையிலிருந்து அவை மறுபடியும் துளிர்த்து வளர்ந்த இரண்டாவது சுழற்சியில், இக்குறைவு மேலும் கூடியது.

இந்த மலைகளில்தான் பவானியும் மோயாறும் நீர் பெறுகின்றன. இவ்விரண்டும் கூடும் இடத்தில் உள்ள பவானிசாகர் அணை, கீழ்பவானித் திட்டத்தின் மூலம் 2 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்குப் பாசன நீர் தருகிறது. கோவை மாநகரின் குடிநீர்த் தேவையில் முக்கியப் பங்கு பில்லூர் அணைக்கு உண்டு. குந்தா, பைக்காரா புனல்மின் நிலையங்களும் இதே நீரை நம்பியுள்ளன. ஈரோட்டில் நெல்லும் மஞ்சளும் பயிரிடும் உழவருக்கும், கோவையில் குழாயைத் திறக்கும் குடும்பத்துக்கும் அவர்கள் பார்த்திராத மலையுச்சிப் புல்லோடு உறவு உண்டு.

மரம்தானே கரியமில வாயுவை ஈர்த்துப் புவி வெப்பத்தைத் தணிக்கிறது என்ற வாதமும் முன்வைக்கப்படுகிறது. அது உண்மைதான். ஆனால், புல்வெளியும் கரிமத்தைச் சேமிக்கிறது. அதன் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் சேமிக்கிறது. தீப்பிடித்தால் மரத்தோட்டத்தின் கரிமம் புகையாகிவிடும். புல்வெளியில் மண்ணடிச் சேமிப்பு பெரும்பாலும் தப்பித்துவிடும்.

இழந்ததை மீட்க முடியுமா? தமிழக அரசு 2022-ஆம் ஆண்டில் அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. மாநில விலங்கான வரையாட்டைக் காக்கும் திட்டமும் அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,031 வரையாடுகள் இருப்பது தெரியவந்தது. இவை வரவேற்கத்தக்க முயற்சிகள்.

ஆயினும், மீட்புப் பணி எளிதன்று. சீகை மரத்தின் விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் முளைப்புத்திறன் குன்றாமல் உறங்கிக் கிடக்கும். மரத்தை வெட்டி வெளிச்சம் பட்டதும் அவை ஆயிரக்கணக்கில் முளைக்கும். எனவே, ஒருமுறை வெட்டி அகற்றி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் முறை பயன் தராது. நாற்றுகளைப் பிடுங்கி, உள்ளூர்ப் புல்லை நட்டு, ஆண்டுதோறும் கண்காணிக்க வேண்டும். மேலும், பழைய மரத்தோட்டங்கள் சிலவற்றின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே வளரத் தொடங்கியுள்ளன. அத்தகைய இடங்களில் கண்மூடித்தனமாக வெட்டுவது புதிய தவறாகிவிடும். எங்கே வெட்டுவது, எங்கே விட்டுவைப்பது என்பதை இடத்துக்கு இடம் ஆராய்ந்தே முடிவெடுக்க வேண்டும். எருமை மேய்த்தும், கோயில் கூரைகளை வேய்ந்தும் புல்லோடு வாழ்ந்த தோடர்களின் அறிவு இதற்குப் பெரிதும் துணைபுரியும்.

தமிழகத்தின் காடு மற்றும் மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவது பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் இலக்கு. வயல் வரப்புகளும் சாலையோரங்களும் ஊர்ப் பொதுநிலங்களும் அதற்கு இடம் தரட்டும். இயற்கைப் புல்வெளிகள் அந்த இலக்கின் கணக்கிலிருந்து தெளிவாக விலக்கப்பட வேண்டும். சீரழிந்த மேய்ச்சல் நிலங்களையும் திறந்த புதர் நிலங்களையும் தரிசு நிலப் பட்டியலில் சேர்க்கும் அரசு வகைப்பாடும் மறுஆய்வு செய்யப்பட வேண்டும். ஒரு நிலத்துக்குத் 'தரிசு' என்று பெயர் சூட்டிவிட்டால், அதை வேறு எதுவாகவும் மாற்றலாம் என்ற துணிவு பிறந்துவிடுகிறது.

மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் சமூகத்தினருக்குமான ஆண்டாக 2026-ஐ ஐக்கிய நாடுகள் சபை அறிவித்துள்ளது. எஞ்சியுள்ள மலையுச்சிப் புல்வெளிகளை வரையறுத்து, வரைபடமாக்கி, புல்வெளி என்ற பெயரிலேயே பாதுகாக்கும் பணியைத் தமிழகம் தொடங்க இதைவிடப் பொருத்தமான தருணம் வாய்க்காது. மலையில் புல் இருக்கும் வரைதான் கோடையிலும் ஓடையில் நீர் இருக்கும்.