சாமை தேடினால் சாமை மட்டும் வரட்டும்: குவரி பில்டருடன் ஒரு கொல்லிமலைப் பயிற்சி

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் வீட்டுக் கணக்கு, போன் நம்பர்கள், புத்தகப் பட்டியல் என்று எல்லாவற்றையும் எக்ஸெலில் போட்டு வைப்போம். சில மாதங்களில் பட்டியல் நீண்டுவிடும். வேறு நாலு பேரும் அதைப் பார்க்க வேண்டும், தேட வேண்டும் என்பார்கள். அப்போது தேவைப்படுவது ஒரு டேட்டாபேஸும், அதை பிரவுசரில் காட்டும் சிறிய வெப் அப்ளிகேஷனும்தான். இந்த வேலையைத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இடறி விழுவது ஒரே இடத்தில். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் இடம் அது. இந்தக் கட்டுரையில் அதை மட்டும் பார்ப்போம்.

இதற்குச் செலவு ஏதும் இல்லை. எக்ஸாம்ப் என்ற இலவசத் தொகுப்பை இன்ஸ்டால் செய்தால் அப்பாச்சி சர்வர், மரியாடிபி டேட்டாபேஸ், பிஎச்பி மொழி மூன்றும் உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். இன்டர்நெட் இணைப்பு இல்லாமலே பழகலாம். அதற்கு மேல் கோட்இக்னைட்டர் என்ற பிரேம்வொர்க்கை நான் பயன்படுத்துகிறேன். வெப் அப்ளிகேஷனுக்குத் திரும்பத் திரும்பத் தேவைப்படும் பகுதிகளை யாரோ முன்பே எழுதிச் சோதித்து ஒரு போல்டரில் வைத்திருப்பதுதான் பிரேம்வொர்க். கோட்இக்னைட்டர் 2006-ல் வெளிவந்தது. இன்று இருப்பது நான்காவது தலைமுறை. இன்ஸ்டால் செய்ததும் 'இன்டில்' இல்லை என்று எர்ரர் வந்தால் பயப்பட வேண்டாம். பிஎச்பி.ஐஎன்ஐ பைலைத் திறந்து, அந்தப் பெயர் உள்ள எக்ஸ்டென்ஷன் வரியின் முன்னால் இருக்கும் அரைப்புள்ளியை நீக்குங்கள். அப்பாச்சியை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும்.

பயிற்சிக்கு டேட்டா வேண்டுமே! கடை, வாடிக்கையாளர், இன்வாய்ஸ் என்று எல்லாப் புத்தகங்களிலும் வரும் உதாரணம் எனக்குச் சலித்துவிட்டது. அதனால் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எடுத்துக்கொண்டேன். 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போனால் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று 'நாடு' 'நாடாக'ப் பிரிந்த ஊர்கள் வரும். அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு பயிரிட்டு வருகிறார்கள். சேலம் பகுதி ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பரவியபோது சிறுதானியப் பரப்பு சுருங்கியது. சென்னையில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே வேலை செய்து, கிராம விதை வங்கிகளை அமைக்க உதவியது. திருகுலசாமை, மல்லியசாமை, கட்டவெட்டிச்சாமை, மூக்காந்தினை, செந்தினை, சுருட்டைக் கேழ்வரகு என்று ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு பெயர். பெயரைப் படிக்கும்போதே ஒரு டேபிளில் போட்டு வைக்கலாமே என்று தோன்றுகிறது அல்லவா?

என் டேபிளுக்கு 'விதைகள்' என்று பெயர். அதில் பயிர், ரகம், நாடு, நாட்கள், குறிப்பு, பொது என்று ஆறு பீல்டுகள். கடைசியில் உள்ள 'பொது' பீல்டில் 1 இருந்தால் அந்த ரெக்கார்டை எல்லோருக்கும் காட்டலாம்; 0 இருந்தால் காட்டக்கூடாது. எந்த நாட்டில் எந்த ரகம், எத்தனை நாளில் விளையும், குறிப்பில் என்ன என்பதெல்லாம் பயிற்சிக்காக நானே இட்டு நிரப்பியவை. அவற்றை நம்பி யாரும் விதைத்துவிட வேண்டாம்! டேட்டாபேஸை உருவாக்கும்போதே கொலேஷன் என்ற இடத்தில் யுடிஎப்8எம்பி4 என்று தொடங்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறி நிற்க வாய்ப்பு உண்டு.

இனி வரும் கட்டளைகளைப் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். நீங்கள் டைப் செய்யும்போது கட்டளைகளையும் டேபிள், பீல்டு பெயர்களையும் ஆங்கிலத்திலேயே டைப் செய்யுங்கள்.

டேட்டாபேஸிடம் பேசும் மொழி எஸ்க்யூஎல். ஐபிஎம் நிறுவனத்தில் எட்கர் காட் 1970-ல் வெளியிட்ட கருத்தை வைத்து, அதே நிறுவனத்தின் சேம்பர்லினும் பாய்ஸும் 1974-ல் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டார்கள். சாமை ரகங்களைக் கேட்க இப்படி எழுத வேண்டும்:

செலக்ட் * ப்ரம் விதைகள் வேர் பயிர் = 'சாமை'

வெப் பக்கத்தில் 'சாமை' என்ற சொல்லைப் பார்வையாளர் ஒரு பெட்டியில் டைப் செய்வார். புதிதாக எழுதுபவர்கள் அதை எடுத்து இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவில் ஒட்டிவிடுவார்கள். வேலையும் நடக்கும். ஆனால் ஒருவர் பெட்டியில் இப்படி டைப் செய்தால் என்ன ஆகும்?

சாமை' ஆர் '1'='1

ஒட்டிய பிறகு டேட்டாபேஸுக்குப் போவது இது:

செலக்ட் * ப்ரம் விதைகள் வேர் பயிர் = 'சாமை' ஆர் '1'='1'

பயிர் சாமையாக இருக்க வேண்டும், அல்லது ஒன்றும் ஒன்றும் சமமாக இருக்க வேண்டும். ஒன்றும் ஒன்றும் எப்போதும் சமம்தானே? டேபிள் முழுவதும் திரையில் வந்து கொட்டும். பார்வையாளர் கொடுத்தது தேடு சொல். டேட்டாபேஸ் அதைக் கட்டளையின் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டுவிட்டது. இதற்கு எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்று பெயர். 1998 டிசம்பரில் 'ப்ராக்' என்ற ஹேக்கர் இதழ் இந்த வித்தையை விளக்கி எழுதியது. இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் இது ஓயவில்லை.

பிரேம்வொர்க்கில் உள்ள குவரி பில்டர் இங்கேதான் கைகொடுக்கிறது. குவரியை நாம் ஒரே வரியாக எழுதுவதில்லை. துண்டு துண்டாகச் சொல்கிறோம். பில்டர் அதைக் கோத்துத் தருகிறது.

$பில்டர் = $டிபி->டேபிள்('விதைகள்');
$பில்டர்->வேர்('பயிர்', $பயிர்);

பீல்டு பெயர் ஒரு பக்கம், பார்வையாளர் கொடுத்த மதிப்பு இன்னொரு பக்கம். இரண்டும் தனித்தனியாகப் போவதால் எது கட்டளை, எது மதிப்பு என்று பில்டருக்குத் தெரியும். மதிப்புக்குள் மேற்கோள் குறி இருந்தால் அதை வெறும் எழுத்தாக மாற்றிவிடும். மேலே பார்த்த விஷமச் சொல்லைக் கொடுத்தால், அந்த நீளமான பெயரில் ஏதாவது பயிர் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்று சொல்லிவிடும். ஆனால் 'வேர்' பிராக்கெட்டுக்குள் முழு வாக்கியத்தையும் நீங்களே ஒட்டிக் கொடுத்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. பில்டரைப் பயன்படுத்துகிறோம் என்ற தெம்பில் பலர் இதைச் செய்கிறார்கள்.

என்னைக் கேட்டால், பாதுகாப்பை விடவும் பில்டரின் பெரிய வசதி வேறு ஒன்று. என் தேடல் பக்கத்தில் நாலு பெட்டிகள் உள்ளன: பயிர், நாடு, அதிகபட்ச நாட்கள், ரகப் பெயரில் ஒரு சொல். யாரும் நாலையும் நிரப்ப மாட்டார்கள். ஒருவர் நாட்டை மட்டும் தேர்ந்தெடுப்பார், இன்னொருவர் பயிரும் நாட்களும் தருவார். ஒவ்வொரு பெட்டியும் நிரம்பலாம் அல்லது காலியாக இருக்கலாம் என்றால் மொத்தம் 16 விதமான கேள்விகள் வருகின்றன. ஐந்தாவது பெட்டி சேர்த்தால் 32. ஒவ்வொன்றுக்கும் தனி குவரி எழுத முடியுமா? பில்டரில் நாலே வரி போதும்:

இப் ($பயிர் !== '') $பில்டர்->வேர்('பயிர்', $பயிர்);
இப் ($நாடு !== '') $பில்டர்->வேர்('நாடு', $நாடு);
இப் ($நாட்கள் !== '') $பில்டர்->வேர்('நாட்கள் <=', $நாட்கள்);
இப் ($சொல் !== '') $பில்டர்->லைக்('ரகம்', $சொல்);

நிரம்பிய பெட்டிக்கு மட்டும் நிபந்தனை சேர்கிறது. எங்கே 'வேர்' போடுவது, எங்கே 'அண்ட்' போடுவது என்பதெல்லாம் பில்டரின் கவலை.

நாலாவது வரியில் உள்ள 'லைக்', சொல்லின் ஒரு பகுதியை வைத்துத் தேடும். தமிழில் இதைக் கொஞ்சம் கவனித்துப் பயன்படுத்த வேண்டும். பயிர் பீல்டில் 'வரகு' என்று தேடினால் கேழ்வரகும் பனிவரகும் சேர்ந்தே வரும். மூன்றும் வெவ்வேறு தானியங்கள். வரகு என்று தொடங்குவது மட்டும் வேண்டுமென்றால் மூன்றாவதாக 'ஆப்டர்' என்று சேர்க்க வேண்டும். இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. கேழ்வரகை ஒருவர் ராகி என்று தேடுவார், இன்னொருவர் கேப்பை என்று தேடுவார். இதற்காக நான் மாற்றுப் பெயர்களைத் தனி டேபிளில் வைத்துக்கொண்டேன். அதிலிருந்து எடுத்த பெயர்களை 'வேர்இன்' கட்டளைக்கு மொத்தமாகக் கொடுத்தால் எந்தப் பெயரில் தேடினாலும் கேழ்வரகு வந்துவிடுகிறது.

அடுத்து வருவதை நிதானமாகப் படியுங்கள். ரகப் பெயரில் மட்டும் அல்லாமல் குறிப்பிலும் தேட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பொதுவில் காட்டக்கூடியவை மட்டும்தான் வர வேண்டும். இப்படி எழுதத் தோன்றும்:

$பில்டர்->வேர்('பொது', 1);
$பில்டர்->லைக்('ரகம்', $சொல்);
$பில்டர்->ஆர்லைக்('குறிப்பு', $சொல்);

படிக்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. எர்ரரும் வராது. ஆனால் எஸ்க்யூஎல் முதலில் 'அண்ட்' உள்ளவற்றைச் சேர்த்துவிட்டு, பிறகுதான் 'ஆர்' பக்கம் வரும். கணக்கில் கூட்டலுக்கு முன் பெருக்கலைச் செய்வது போல. எனவே டேட்டாபேஸ் புரிந்துகொள்வது: பொதுவில் காட்டலாம் என்பதோடு ரகப் பெயரும் பொருந்த வேண்டும், அல்லது குறிப்பு பொருந்தினால் போதும். என் டேபிளில் மூக்காந்தினை ரெக்கார்டு ஒன்றுக்கு 'பொது' பீல்டில் 0. அதன் குறிப்பில் 'சாமையுடன் கலந்து விதைப்பது' என்று இருக்கிறது. இந்தக் குவரியில் சாமை என்று தேடினால் மறைக்க வேண்டிய அந்த ரெக்கார்டும் வெளியே வந்துவிடும். இங்கே யாரும் ஹேக் செய்யவில்லை. ஒரு அடைப்புக்குறி இல்லை, அவ்வளவுதான்.

தினைக் குறிப்பு வெளியே தெரிந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். 2002-ம் ஆண்டு பல்லுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி உள்ளாட்சி அளவில் மக்கள் பல்லுயிர் பதிவேடு தயாரிக்கப்படுகிறது. இந்தச் சட்டத்துக்கான தேசிய ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. எந்தச் செடி எங்கே வளர்கிறது, எதற்குப் பயன்படுகிறது என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னது அந்தப் பதிவேட்டில் இருக்கும். மூலிகை மிகுந்த கொல்லிமலை போன்ற இடத்தில் அது சாதாரண விஷயம் அல்ல. மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995-ல் பேடன்ட் கொடுத்துவிட்டார்கள். இந்தியாவின் சிஎஸ்ஐஆர் வாதாடிய பிறகு 1997-ல் அது ரத்தானது. அதற்குப் பின் சித்தா, ஆயுர்வேத, யுனானி நூல்களில் உள்ள மருத்துவ முறைகளைத் தொகுத்து, பாரம்பரிய அறிவு டிஜிட்டல் நூலகம் 2001-ல் தொடங்கப்பட்டது. அந்த டேட்டாபேஸைப் பல ஆண்டுகள் பேடன்ட் அலுவலகங்களுக்கு மட்டுமே, அதுவும் ஒப்பந்தம் போட்டுத்தான் காட்டினார்கள். யார் எதைப் பார்க்கலாம் என்பதற்கு அங்கே அவ்வளவு மதிப்பு. 'வெளியில் சொல்ல வேண்டாம்' என்று ஒருவர் நம்பிச் சொன்னதை நம் குவரி சொல்லிவிடக்கூடாது.

சரி செய்வது எளிது. லைக், ஆர்லைக் இரண்டுக்கும் முன்னால் $பில்டர்->குரூப்ஸ்டார்ட்(). என்றும் பின்னால் $பில்டர்->குரூப்எண்ட்(). என்றும் சேர்த்தால் அவை அடைப்புக்குறிக்குள் போய்விடும். அதற்குப் பிறகு 'பொது = 1' என்ற நிபந்தனையிலிருந்து எந்த ரெக்கார்டும் தப்ப முடியாது. பில்டர் உண்மையில் என்ன எழுதியது என்று பார்க்க 'கெட்கம்பைல்டுசெலக்ட்' என்ற கட்டளை இருக்கிறது. அதன் பிராக்கெட்டுக்குள் 'பால்ஸ்' என்று கொடுங்கள். இல்லாவிட்டால், குவரியைக் காட்டிய கையோடு நீங்கள் சேர்த்த நிபந்தனைகளை எல்லாம் அழித்துவிடும். 'ஆர்' வருகிற ஒவ்வொரு குவரியையும் நான் இப்படித் திரையில் அச்சிட்டு, அடைப்புக்குறி எங்கே விழுகிறது என்று பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போகிறேன்.

இன்னும் இரண்டு விஷயங்கள். நாட்கள் வாரியாக, ரகம் வாரியாக என்று வரிசைப்படுத்தும் வசதி கொடுத்தால், பார்வையாளர் அனுப்பும் பீல்டு பெயரை அப்படியே 'ஆர்டர்பை'க்குக் கொடுக்காதீர்கள். மதிப்புக்குக் கிடைக்கும் பாதுகாப்பு பீல்டு பெயருக்குக் கிடைக்காது. அனுமதிக்கும் பெயர்களை ஒரு பட்டியலாக வைத்து, வந்தது அதில் இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். அடுத்தது, நிபந்தனையே இல்லாமல் 'டெலிட்' கொடுத்தால் கோட்இக்னைட்டர் மறுத்துவிடும். 'அப்டேட்' கொடுத்தால் மறுக்காது. பெட்டிகள் எல்லாம் காலியாக இருந்து எந்த 'இப்' வரியும் வேலை செய்யாமல் போனால் டேபிளில் உள்ள அத்தனை ரெக்கார்டும் மாறிவிடும். அதனால் அப்டேட்டுக்கு முன் ரெக்கார்டின் ஐடி நம்பர் வந்திருக்கிறதா என்று கட்டாயம் சோதியுங்கள். பிஎச்பிமைஅட்மினில் எக்ஸ்போர்ட் கொடுத்து வாரம் ஒரு காப்பி எடுத்து வைப்பதும் நல்லது.

பில்டரை எழுதியவர்களும் மனிதர்கள்தான். ட்ரூபல் என்ற புகழ்பெற்ற சாப்ட்வேரின் ஏழாவது பதிப்பில், இன்ஜெக்‌ஷனைத் தடுப்பதற்காகவே எழுதப்பட்ட பகுதியிலேயே ஓட்டை இருந்தது 2014 அக்டோபர் 15-ல் வெளியானது. மதிப்புகளைப் பட்டியலாக அனுப்பும்போது, அந்தப் பட்டியலின் வரிசை எண் இருக்க வேண்டிய இடத்தில் கட்டளையை நுழைத்துவிட முடிந்தது. அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள் அப்டேட் செய்யாத தளங்கள் எல்லாம் ஹேக் ஆகிவிட்டதாகவே கருதுங்கள் என்று ட்ரூபல் குழுவே பிறகு எச்சரித்தது. எனவே உங்கள் அப்ளிகேஷனை இன்டர்நெட்டில் ஏற்றினால் அதன் பிரேம்வொர்க்கையும் அவ்வப்போது அப்டேட் செய்துகொண்டே இருக்க வேண்டும். கம்போசர் வழியாக இன்ஸ்டால் செய்திருந்தால், புராஜக்ட் போல்டரில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'கம்போசர் அப்டேட்' என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். அதற்கு முன் அந்தப் போல்டரை வேறு இடத்தில் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.