எதிரே உட்கார்ந்திருப்பது யார்?

லினக்ஸ் ஓடும் மடிக்கணினி ஒன்றின் முன் உட்கார்ந்து வைஃபையைச் சொடுக்குகிறீர்கள். இணைந்துவிடுகிறது. பிறகு அடுத்த அறைக்குப் போய், வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக, அதாவது தொலைவிலிருந்து கட்டளையிடும் வழியில், அதே மடிக்கணினிக்குள் நுழைகிறீர்கள். அதே பயனர்பெயர், அதே கடவுச்சொல். வைஃபையை மாற்றச் சொன்னதும், நெட்வொர்க்கைக் கட்டுப்படுத்த உங்களுக்கு அனுமதியில்லை என்று பதில் வருகிறது. ஆள் மாறவில்லை. நீங்கள் இப்போது எந்திரத்தின் எதிரில் இல்லை, அவ்வளவுதான். அது அதற்கு எப்படித் தெரிந்தது?

உண்மையில், எதிரில் இருந்தபோது மட்டும் எப்படி அனுமதி கிடைத்தது என்பதுதான் முதல் ஆச்சரியம். 1969இல் பிறந்த யுனிக்ஸ் மரபில் சகல அதிகாரமும் ‘ரூட்’ என்ற ஒரே பயனருக்குத்தான். அவருடைய எண் 0. 1999இல் வந்த லினக்ஸ் 2.2 அந்த அதிகாரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தது. இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட துண்டுகள் இருக்கின்றன; பிணைய அட்டைகளை மாற்றியமைப்பது அவற்றில் ஒன்று. சாதாரணப் பயனருக்கு அந்தத் துண்டும் கிடையாது. வன்பொருளை ஆளும் மைய நிரலான கெர்னலைக் கேட்டால், வைஃபை அட்டையின் அமைப்பை மாற்ற உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்றே சொல்லும்.

ஆகவே நீங்கள் அட்டையைத் தொடுவதே இல்லை. வங்கியில் பணம் எடுக்கும்போது பெட்டக அறைக்குள் நாம் போவதில்லை. சீட்டை எழுதிக் கவுன்ட்டரில் நீட்டுகிறோம். இங்கே கவுன்ட்டருக்குப் பின்னால் இருப்பது ‘நெட்வொர்க் மேனேஜர்’. ரெட் ஹேட் நிறுவனம் 2004இல் தொடங்கிய நிரல் இது. ரூட்டின் அதிகாரத்தோடு பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் சொடுக்கு, நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் ‘டி-பஸ்’ என்ற தடம் வழியே ஒரு விண்ணப்பமாக அதனிடம் போகிறது.

விண்ணப்பத்தில் பொய்க் கையெழுத்துப் போட முடியாதா? முடியாது. அனுப்புகிறவரின் அடையாளத்தை அனுப்புகிறவர் எழுதுவதில்லை. டி-பஸ் கெர்னலைக் கேட்கும். இணைப்பின் மறுமுனையில் இருக்கும் நிரலின் எண் இது, அதை ஓட்டும் பயனரின் எண் இது என்று கெர்னலே சொல்லிவிடும்.

ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. அனுமதிக்கலாமா என்பதை நெட்வொர்க் மேனேஜர் தானே முடிவு செய்வதில்லை. ‘போல்கிட்’ என்ற தனி நடுவரிடம் கேட்கிறது. இந்த நடுவரின் எச்சரிக்கை உணர்வைப் பாருங்கள். ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் ஓர் எண் உண்டு. வெகுகாலம் அந்த எண்கள் 32,768ஐத் தாண்டாமல் சுற்றிச் சுற்றி வந்தன. விண்ணப்பித்த நிரல் செத்து, அதே எண்ணை வேறொரு நிரல் பெற்றுவிட்டால் ஆள்மாறாட்டம் நடந்துவிடுமே! அதனால் எண்ணோடு, அந்த நிரல் பிறந்த நேரத்தையும் போல்கிட் குறித்துக்கொள்கிறது. 2019இல் அதிலும் ஓட்டை இருப்பது தெரிந்தது. அதன்பின் பயனர் எண்ணையும் சேர்த்து ஒப்பிடுகிறது.

அடுத்து வருகிறது அந்த ‘எதிரில்’ என்ற கேள்வி. திரை, விசைப்பலகை, மவுஸ் ஆகியவற்றின் தொகுப்பை லினக்ஸ் ஓர் ‘இருக்கை’ என்று கணக்கிடுகிறது. ஒரே கணினியில் இரண்டு திரை, இரண்டு விசைப்பலகை மாட்டி இரண்டு இருக்கைகள்கூட அமைக்கலாம். எந்த இருக்கையில் யாருடைய அமர்வு இப்போது திரையில் இருக்கிறது என்பதை ‘லாகின்டி’ என்ற நிரல் கணத்துக்குக் கணம் கவனிக்கிறது. வீட்டில் இருவருக்குத் தனித்தனிக் கணக்கு இருந்து, நீங்கள் எழுந்து அடுத்தவர் தம் கணக்குக்கு மாறினால், அந்த நொடியே வைஃபையை அணைக்கும் உரிமை உங்களிடமிருந்து அவருக்குப் போய்விடும். ஒலி அட்டையின் உரிமையும்தான். எஸ்எஸ்ஹெச் வழியே வந்தவருக்கோ இருக்கையே இல்லை. தொலைவிலிருந்து வருபவர் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் காட்டட்டும் என்பது போல்கிட்டின் வழக்கமான தீர்ப்பு.

சரி, கடவுச்சொல்லை யார் கேட்பது? போல்கிட்டுக்குத் திரை கிடையாது. உங்கள் அமர்வில் ‘முகவர்’ என்றொரு சிறு நிரல் ஓட வேண்டும்; கேள்விப் பெட்டியைத் திரையில் காட்டுவது அதுதான். நோம், கேடிஇ போன்ற முழு மேசைத்தளங்கள் இதைத் தாமே ஓட்டிவிடும். ஐ3 போன்ற மெலிந்த சாளர நிர்வாகிகளை ஆசைப்பட்டு நிறுவுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கேட்க ஆளில்லாததால் கேள்வியே எழாது. நேராக மறுப்புத்தான் வரும். தொடக்கத்தில் எஸ்எஸ்ஹெச் வழியே வந்த மறுப்பும் இப்படிப்பட்டதுதான். பயனர் தன் வைஃபை கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்ப்பார். விண்ணப்பம் ரவுட்டர் வரை போகவே இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

இன்னொரு விசித்திரம்: தெரிந்த வைஃபையில் சேர எவரையும் விடும் கணினி, புது வைஃபையில் சேரும்போது மட்டும் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். புது இணைப்பை ‘எல்லாப் பயனர்களுக்கும்’ என்று சேமித்தால், அது ரூட் மட்டுமே படிக்கக்கூடிய கோப்பாகக் கணினி முழுமைக்கும் பதிவாகிறது. அது வேறு உரிமை. அதே இணைப்பை ‘எனக்கு மட்டும்’ என்று சேமித்தால் பல கணினிகளில் கேள்வியே வராது. ஒரு கட்டத்தில் போடும் டிக் குறியில் முடிகிற சிக்கல் இது.

எங்கே சங்கிலி அறுந்தது என்று கண்டுபிடிக்க, முனையத்தில் ‘என்எம்சிஎல்ஐ ஜெனரல் பெர்மிஷன்ஸ்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் போதும். ஒவ்வோர் உரிமைக்கும் எதிரே ‘யெஸ்’, ‘நோ’, ‘ஆத்’ என்று ஒரு சொல் வரும். ‘ஆத்’ என்றால் கடவுச்சொல் காட்டினால் தரலாம் என்று பொருள். பெட்டி வரவில்லையென்றால் முகவர் ஓடவில்லை. எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் ‘நோ’ வந்தால், ‘லாகின்சிடிஎல்’ கட்டளையில் உங்கள் பெயருக்கு நேரே இருக்கை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

விதியையே மாற்ற விரும்பினால் அதுவும் கூடும். வலைப்பக்கங்களை ஆட வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில்தான் போல்கிட்டின் விதிகள் எழுதப்படுகின்றன. 2012இல் இந்த முறை வந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையோ 2023இல் 12ஆம் பதிப்பு வெளியாகும் வரை பழைய முறையிலேயே இருந்தது. அதனால் இணையத்தில் கிடைக்கும் பழைய வைத்தியங்கள் புதிய கணினிகளில் பெரும்பாலும் பலிப்பதில்லை. பிழைச்செய்திகூட வராது, கோப்பு அப்படியே கிடக்கும். எல்லாவற்றையும் ரூட்டாக ஓட்டிவிடுங்கள் என்ற ஆலோசனை மட்டும் என்றும் பலிக்கும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இவ்வளவு காவலிலும்கூட, போல்கிட்டோடு வரும் பிகேஎக்ஸெக் என்ற கருவியில் 2009 முதல் இருந்த ஓட்டை 2022 ஜனவரியில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதன் வழியே எந்தச் சாதாரணப் பயனரும் ரூட் ஆகியிருக்கலாம்.

அடுத்த முறை மறுப்பு வந்தால் முதலில் அந்த உரிமைப் பட்டியலைப் பாருங்கள். எல்லாமே ‘யெஸ்’ என்றிருந்தால் அனுமதியில் கோளாறு இல்லை. வைஃபை கடவுச்சொல், டிரைவர், மடிக்கணினியின் ஓரத்தில் இருக்கும் வைஃபை பொத்தான் என்ற வரிசையில் தேடுங்கள்.