சுகருக்கு மாத்திரை இருக்கு... மனசுக்கு?

எங்கள் பெரியம்மாவுக்கு 15 வருடங்களாக சுகர். காலை ஐந்தரைக்கே வாக்கிங் கிளம்பிவிடுகிறவர், போன வருடம் திடீரென்று நிறுத்திவிட்டார். சீரியல் பார்ப்பதில்லை. பேரன் வந்தால்கூட எழுந்து உட்காருவதில்லை. மதிய மாத்திரை டப்பாவிலேயே கிடக்கும். "சொன்னா கேட்கிறதே இல்ல, அவ்வளவு பிடிவாதம்" என்று பெரியப்பா கத்துவார். டாக்டரும் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கடிந்துகொண்டு, மாத்திரையைக் கூட்டினார். "மனசு எப்படி இருக்கு?" என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

சர்க்கரை நோயாளிகளுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு என்கின்றன ஆய்வுகள். கண்டுபிடிப்பதுதான் சிரமம். அசதி, தூக்கமின்மை, பசியில் மாற்றம்... இவை சுகரிலும் வரும், மனச்சோர்விலும் வரும். "சுகர் இருக்குல்ல, அதான்" என்று விட்டுவிடுகிறோம். மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம். அதுவும் ஆளை அசத்திப் போடும். அதனால் ரத்தப் பரிசோதனை அவசியம். கூடவே, இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லை, மனசு பாரமாகவே இருக்கிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவராகக் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.

பெரியம்மா மனநல ஆலோசகரிடம் வர மறுத்துவிட்டார். "எனக்கென்ன பைத்தியமா?" கடைசியில் அக்காதான் வீடியோ காலில் ஏற்பாடு செய்தாள்.

போனில் பேசினால் மனசு சரியாகுமா? எனக்கும் சந்தேகம்தான். நெதர்லாந்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை நோயோடு மனச்சோர்வும் இருந்த 255 பேரை வைத்து நடந்த அந்த ஆய்வு 2011-ல் வெளியானது. இணையத்தில் 8 பாடங்கள். வீட்டுப்பாடம்கூட உண்டு. அதைப் படித்துப் பார்த்துப் பதில் எழுதியது இயந்திரம் அல்ல, உளவியலாளர்கள்.

இந்த வகை சிகிச்சையில் என்ன செய்வார்கள்? மீட்டர் 240 காட்டியதும் "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று மனசு சொல்லும். அந்த எண்ணத்தைத் தாளில் எழுதி, அது உண்மையா என்று விசாரிக்கச் சொல்வார்கள். நேற்று என்ன சாப்பிட்டேன், தூங்கினேனா, காய்ச்சல் இருந்ததா? 240 என்பது ஓர் அளவு. நம் குணத்துக்குப் போட்ட மார்க் இல்லை. அப்புறம், பிடித்த ஒரு சின்ன வேலையை அன்றைக்கே செய்யச் சொல்வார்கள்.

ஆய்வில் மனச்சோர்வு குறைந்தது. சுகரைப் பற்றிய கவலையும் குறைந்தது. ஆனால் மூன்று மாத சராசரி சுகர் அளவு குறையவில்லை! பாதியில் விட்டவர்களும் நிறைய. "மனசு சரியானா சுகர் தானா இறங்கிடும்" என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

இரண்டையும் சேர்த்துக் கவனித்தால்? சென்னை, பெங்களூரு, டெல்லி, விசாகப்பட்டினத்தில் 404 பேரிடம் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. நோயாளியைத் தொடர்ந்து விசாரிக்க ஒருவர், அவருக்குப் பின்னால் சுகர் டாக்டரும் மனநல டாக்டரும். இரண்டு வருட முடிவில், மனச்சோர்வு பாதியாவது குறைந்து, சுகர், பிபி, கொலஸ்ட்ராலில் ஒன்றாவது இறங்கியவர்கள் 100-க்கு சுமார் 72 பேர். வழக்கமான சிகிச்சையில் 57 பேர்.

பணம் கட்ட வசதியில்லையா? மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். "செத்துப் போயிடலாம்" என்ற பேச்சு வந்தால் மட்டும் ஆன்லைன் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விடுங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால், அதை வீட்டில் வேறு யாராவது தன் பொறுப்பில் வைத்துக்கொள்வது நல்லது.

முதல் நாள் வீடியோ காலில் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் பெரியப்பா, பின்னால் அக்கா, நடுவில் குக்கர் விசில். "நல்லா இருக்கேன்" என்பதைத் தவிர வேறெதுவும் வரவில்லை. "அடுத்த தடவை அவங்களைத் தனியா பேச விடுங்க" என்றார் ஆலோசகர். அடுத்த வாரம் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனவர், ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறங்கி வந்தார். என்ன பேசினார் என்று நாங்கள் கேட்கவில்லை. சுகர் இன்னும் கட்டுக்குள் வரவில்லை. வாக்கிங் மட்டும் தெருமுனை வரைக்கும் ஆரம்பித்திருக்கிறார். பெரியப்பாவும் கூடவே போகிறார், வாயை மூடிக்கொண்டு!