போட்டிக்காரரோடு பார்ட்னர் ஆனால்தான் மானியம்! தொழில் கிளஸ்டர் திட்டம் என்ன சொல்கிறது?

சின்னப் பட்டறை வைத்திருப்பவர் கோடி ரூபாய்க்கு டெஸ்டிங் மெஷின் வாங்க முடியுமா? கஷ்டம்தான். அதே ஊரில் அதே தொழில் செய்யும் ஐம்பது பேர் சேர்ந்தால்? இந்தக் கணக்குதான் ‘கிளஸ்டர்’ கொள்கையின் அடிப்படை.

கிளஸ்டர்னா என்ன?

ஒரே தொழிலைச் செய்யும் நிறுவனங்கள் ஒரே வட்டாரத்தில் குவிந்திருப்பது. கோவைக்கு பம்ப், சிவகாசிக்கு அச்சு, திருப்பூருக்கு பின்னலாடை.

அரசு எவ்வளவு தரும்?

மத்திய அரசின் சிறு, குறு நிறுவனங்களுக்கான கிளஸ்டர் மேம்பாட்டுத் திட்டம், தனி ஓனருக்குப் பணம் தராது. ஆய்வகம், டிசைன் சென்டர், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் போன்ற பொது வசதி மையத்துக்குத் தரும். 2022 வழிகாட்டுதல்படி, பொதுவாக 5 முதல் 10 கோடி ரூபாய் வரையிலான மையத்துக்கு 70%, 10 முதல் 30 கோடி வரை என்றால் 60% மானியம். மீதியை மாநில அரசும் தொழில்முனைவோரும் போட வேண்டும்.

எங்கே சிக்கல்?

மானியம் வாங்க, உறுப்பினர்கள் சேர்ந்து பொது நிறுவனம் தொடங்க வேண்டும். நேற்றுவரை ஆர்டருக்கு முட்டிக்கொண்டவர்கள் இன்று பங்குதாரர்கள். மெஷின் யாருக்கு முதலில், கரன்ட் பில் யார் கட்டுவது என்பதில் சண்டை வந்தால் மையம் பூட்டியே கிடக்கும்.

திருப்பூர் காட்டிய வழி

சாயக்கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணைவரை போனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையைத் தனி ஆளாக நிறைவேற்றுவது சிறிய பட்டறைகளால் ஆகாத காரியம். 18 பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. இப்போது தண்ணீரையும் உப்பையும் மீட்டு, திரும்பச் சாயமேற்றவே பயன்படுத்துகிறார்கள்.

இது இலவசமாக வரவில்லை. சுத்திகரிப்புச் செலவு சாயக் கூலியில் ஏறுகிறது. இந்த விதி கடுமையாக இல்லாத ஊர்களோடு விலையில் மோத வேண்டியிருக்கிறது. ஆனால் பட்டறைகள் திறந்திருக்கின்றன, வேலையும் இருக்கிறது.

அரசுப் பணம் கட்டடத்தைக் கட்டித் தரும். அதை ஓட்டுவது உறுப்பினர்களுக்குள் இருக்கும் நம்பிக்கைதான். உங்கள் ஊரில் கிளஸ்டர் தொடங்கும் எண்ணம் இருந்தால், முதல் படி மாவட்டத் தொழில் மையம். அதற்கும் முன்னால், பக்கத்துப் பட்டறைக்காரரோடு ஒரு டீ.