அடுக்கிப் பார்த்தால் பேசும் வரைபடம்

1854-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசி. லண்டன் நகரின் சோஹோ பகுதியில் காலரா நோய் பரவியது. பத்தே நாட்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட காற்றினால்தான் காலரா வருகிறது என்று அக்கால மருத்துவர்களில் பெரும்பாலோர் நம்பினர். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் அதை ஏற்கவில்லை. நோய் குடிநீர் வழியே பரவுகிறது என்பது அவர் கருத்து.

இறந்தவர்களின் முகவரிகளை அவர் திரட்டினார். பெரும்பாலோர் பிராட் தெரு அடிகுழாயின் அருகில் வசித்தவர்கள்! அவர் எடுத்துச் சொன்னதன் பேரில், செப்டம்பர் 8-ஆம் தேதி அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. பின்னர் ஸ்னோ தம் சான்றுகளை ஒரு வரைபடமாகவே வெளியிட்டார்.

அந்தப் படத்தில் என்ன இருந்தது? முதலில் தெருக்கள். அவற்றின்மேல், ஒவ்வொரு சாவுக்கும் வீட்டு வாசலில் ஒரு சிறு கறுப்புக் கோடு. அதற்கும் மேல், அடிகுழாய்கள். மூன்றும் தனித்தனியே இருந்தால் வெறும் பட்டியல்கள்தாம். ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தபோது அவை பேசத் தொடங்கின.

கிட்டே என்றால் எது?

1855-இல் திருத்திய படத்தில் ஸ்னோ இன்னொரு கோட்டையும் வரைந்தார். பிராட் தெருக் குழாய்க்கும் மற்றக் குழாய்களுக்கும் நடந்து செல்லும் தூரம் சமமாக உள்ள இடங்களை அது இணைத்தது. கோட்டுக்கு உள்ளே வசிப்பவர்களுக்கு பிராட் தெருக் குழாய்தான் கிட்டே. சாவுகள் பெரும்பாலும் அக்கோட்டுக்குள்ளேயே இருந்தன.

ஆனால் அருகிலிருந்தும் தப்பியவர்கள் உண்டு. பக்கத்திலிருந்த ஏழையர் விடுதியில் 535 பேர் இருந்தனர். காலராவால் இறந்தவர்கள் 5 பேரே. விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது! பிராட் தெருவிலேயே இருந்த பீர் ஆலையின் தொழிலாளர்களோ அந்தக் குழாய் நீரைக் குடிப்பதே இல்லை. விதிவிலக்குகளும் ஸ்னோவின் கருத்துக்கே வலுவூட்டின.

கணிப்பொறி வந்தது

ஒரு பேட்டைக்குக் கையால் படம் போடலாம். ஒரு நாட்டுக்கு? கனடா பரந்த நாடு. எந்த நிலம் பயிருக்கு ஏற்றது, எது காட்டுக்கு ஏற்றது என்று அறிய ஏராளமான படங்களை ஒப்பிட வேண்டியிருந்தது. 1960-களில் ரோஜர் டாம்லின்சன் என்பவர் அவ்வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்க வழி கண்டார். இதுவே புவியியல் தகவல் அமைப்பு, அதாவது ஜி.ஐ.எஸ்.

இதில் கிணறு ஒரு புள்ளி. சாலை ஒரு கோடு. ஏரி ஒரு பரப்பு. ஒவ்வொன்றுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை உண்டு. கூடவே ஓர் அட்டவணையும் உண்டு: கிணற்றின் ஆழம் என்ன, நீர் உப்பா நல்லதா என்ற விவரங்கள் அதில் இருக்கும். 'சாக்கடையிலிருந்து 15 மீட்டருக்குள் உள்ள கிணறுகள் எவை?' என்று கேட்டால், கணிப்பொறி நொடியில் காட்டிவிடும்.

நீங்களே செய்து பாருங்கள்

மூன்று டிரேசிங் தாள்கள் எடுங்கள். நான்கு மூலைகளிலும் ஒரே இடத்தில் + குறி இடுங்கள். அளவுத்திட்டம் 1:1,000 இருக்கட்டும். அதாவது தாளில் 1 செ.மீ., தரையில் 10 மீட்டர். முதல் தாளில் உங்கள் தெருவும் வீடுகளும். இரண்டாவதில் குழாய்களும் கிணறுகளும். மூன்றாவதில் சாக்கடையும் குப்பை கொட்டும் இடங்களும். + குறிகள் பொருந்துமாறு அடுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குறி சற்று விலகினாலும் சாக்கடை வேறொரு வீட்டுக்குள் புகுந்துவிடும்! இடம் சரியாக இருப்பதே இதற்கெல்லாம் அடிப்படை.

ஒன்றை மறவாதீர்கள். கிணறும் சாக்கடையும் அருகருகே இருப்பதாலேயே நீர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. எங்கே சோதிக்க வேண்டும் என்பதைப் படம் காட்டும். சோதித்துப் பார்ப்பது நம் வேலை. ஸ்னோவும் வீடு வீடாகச் சென்று, 'எந்தத் தண்ணீரைக் குடித்தீர்கள்?' என்று கேட்டறிந்த பிறகே தம் முடிவை உறுதிப்படுத்தினார்.