புல்லும் எரிபொருளாகும்

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது நாம் அறிந்த பழமொழி. இன்று அப்புல்லே அடுப்புக்கு விறகாகவும் ஊர்திக்கு எரிபொருளாகவும் பயன்படத் தொடங்கியுள்ளது. உணவுப் பயிர் விளையாத நிலத்தில் பல்லாண்டு வாழும் புல்லை வளர்த்து, அதிலிருந்து எரிசக்தி பெறலாம் என்கின்றனர் அறிவியலார். இது எவ்வாறு இயலும்? நம் திற்பரப்புக்கு இது பொருந்துமா? சிறிது காண்போம்.

திற்பரப்பு என்றதும் கோதையாறு அருவியாய் விழும் காட்சியே நம் மனக்கண்முன் தோன்றும். அதே கோதையாற்றின் நீரைக் கொண்டு மேலே மலையில் மின்சாரம் எடுக்கின்றனர். இருந்தும் நம் வீடுகளில் விறகின் தேவை தீர்ந்தபாடில்லை. எரிவாயு அடுப்பு வந்த பின்பும் வெந்நீர் போடவும், நெல் அவிக்கவும், ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தவும் விறகு தேடுகிறோம். கொதும்பும் சிரட்டையும் மட்டையும் பொறுக்கிச் சேர்ப்பவர் பெரும்பாலும் நம் அன்னையரும் நாமுமே அன்றோ! ஆகவே எரிபொருள் பற்றிய சிந்தனை நமக்குப் புதியதன்று.

புல் என்றதும் ஆடுமாடு மேயும் அறுகம்புல்லை மட்டும் நினைத்துவிடக் கூடாது. வானளாவ வளரும் மூங்கிலும் ஒரு புல்லே. வெளிப்புறம் வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உள்ளே வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் அன்றே பிரித்துக் காட்டியது. இன்றைய தாவரவியலும் நெல், கரும்பு, மூங்கில் ஆகியவற்றை ஒரே புற்குடும்பத்தில் சேர்க்கிறது. ஆனால் 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டமோ மூங்கிலை மரம் என்றது! அதனால் பல மாநிலங்களில், சொந்த நிலத்து மூங்கிலை வெட்டிக் கொண்டு செல்லவும் உழவர்கள் அனுமதி தேட வேண்டியிருந்தது. 2017-இல் சட்டம் திருத்தப்பட்டு, காடல்லாத நிலத்தில் வளரும் மூங்கில் மரம் என்ற வரையறையிலிருந்து நீக்கப்பட்டது.

நெல்லை ஒவ்வொரு பூவிலும் உழுது விதைக்க வேண்டும். பல்லாண்டுப் புல்லோ ஒருமுறை நட்டால் போதும். அறுத்த அடியிலிருந்து மீண்டும் தளிர்க்கும். அதன் வேர்கள் மண்ணை இறுகப் பற்றிக்கொள்வதால், சரிவான நிலத்தில் மழைநீர் மண்ணை அரித்துச் செல்வது குறையும். மூங்கிலில் முற்றிய கழிகளை மட்டும் வெட்டி, இளங்கழிகளை விட்டுவைத்தால் அப்புதர் ஆண்டுதோறும் பயன் தரும்.

நன்கு காய்ந்த 1 கிலோ புல் எரிந்தால் ஏறத்தாழ 4,000 கிலோ கலோரி வெப்பம் கிடைக்கும். நம் நாட்டு அனல் மின் நிலையங்களில் எரியும் நிலக்கரி தருவதும் ஏறக்குறைய இவ்வளவே. புல் எரியும்போது வெளிவரும் கரியமில வாயு, அது வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக் கொண்டதேயாம். நிலக்கரியோ பல கோடி ஆண்டுகளாகப் புதைந்து கிடந்த கரியை வானில் கலக்கிறது.

புல்லிலிருந்து எரிபொருள் எடுக்கும் முயற்சிக்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய சான்று உண்டு. அசாம் மாநிலம் நுமாலிகரில், மூங்கிலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2025 செப்டம்பரில் அது தொடங்கி வைக்கப்பட்டது. பின்லாந்து நாட்டு நிறுவனங்களும் இதில் பங்கு கொண்டன. மூங்கிலைச் சிறு துண்டுகளாக்கி, அமிலத்தில் வேகவைத்து, அதிலுள்ள நார்ப்பொருளைப் பிரிக்கின்றனர். நொதிகள் அந்த நார்ப்பொருளைச் சர்க்கரையாக்கும். அச்சர்க்கரையைப் புளிக்க வைத்து வடித்தால் எத்தனால் கிடைக்கும். இதனைப் பெட்ரோலுடன் கலக்கலாம். ஆண்டுக்கு 5 இலட்சம் டன் பச்சை மூங்கிலிலிருந்து சுமார் 49,000 டன் எத்தனால் பெறுவது திட்டம். அதாவது பத்துப் பங்கு மூங்கிலுக்கு ஒரு பங்கு எத்தனால்!

இக்கணக்கு நமக்கு ஒரு பாடத்தையும் புகட்டுகிறது. ஆலைக்குத் தீனி போட ஏராளமான புல் வேண்டும். ஏராளமான புல்லுக்கு ஏராளமான நிலம் வேண்டும். அந்த நிலம் எங்கிருந்து வரும்? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்ட கோ 4 என்னும் கம்பு நேப்பியர் தீவனப்புல், ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 375 முதல் 400 டன் வரை விளையும் என்பர். ஆனால் அது நீரும் உரமும் பெற்ற நல்ல நிலத்தின் விளைச்சல். கல்லாங்குத்து நிலத்தில் அதனை எதிர்பார்க்க இயலாது. விளைச்சல் போதவில்லை என்றதும் மனிதனின் கண் வயலை நோக்கித் திரும்பும். நம் மாவட்டத்தில் நெல் விளைந்த ஏலாக்கள் பல, வாழைக்கும் தென்னைக்கும் ரப்பருக்கும் வீட்டுமனைக்கும் இடம் கொடுத்ததை நாம் அறிவோம். எஞ்சிய வயலையும் எரிபொருளுக்குக் கொடுத்துவிட்டால் அடுப்பு எரியும். உலையில் போட அரிசி இராது.

மேலும், தரிசு என்று ஏட்டில் எழுதப்பட்ட நிலம் யாருக்கும் பயன்படாத நிலம் என்று எண்ணுவது தவறு. ஓர் ஏழைத் தாய் தன் ஆட்டை மேய்ப்பதும், தலைச்சுமையாக விறகு சேர்ப்பதும் அங்கேதான். அந்நிலத்தை வேலியிட்டு அடைத்துவிட்டால் அவள் எங்கே போவாள்? அவளைக் கேட்டு, அவளுக்கும் பங்கு தந்து செய்தால் மட்டுமே இம்முயற்சி நன்மை பயக்கும்.

ஆகவே திற்பரப்பில் நாம் சிறிய அளவில் தொடங்குவதே நலம். புரையிடத்தின் கல் நிறைந்த மூலையிலும், மண் சரியும் மேட்டிலும், வேலியோரத்திலும் ஒரு மூங்கில் கன்றை நடுவோம். சில ஆண்டுகளில் அது விறகாகும், பந்தற்காலாகும், கூடையும் முறமும் ஆகும், மண்ணையும் காக்கும். அடுப்புச் சாம்பலை வீணாக்காமல் அதன் தூரிலேயே இடுவோம். மண் தந்ததில் ஒரு பகுதியை மண்ணுக்கே திருப்பித் தருவோம்.

தோழியரே, வயல் சோற்றுக்கு, மேடு விறகுக்கு! இவ்வரம்பை மீறாத வரையில் புல்லும் நமக்குப் பொன்னாகும்.